காமெரன் அம்மையார்

நம் கல்லூரியில் ஆண்டுதோறும் வகுப்புப் படம் எடுக்கும் நாளில், அசையாதிருங்கள் என்று படம் பிடிப்பவர் சொல்லி முடிப்பதற்குள் வரிசையில் ஒருவரேனும் கண்ணை இமைத்துவிடுவது வழக்கம். வளர்ந்த மாணாக்கர்க்கே ஒரு நொடி அசையாதிருத்தல் அரிதாயின், மூன்று வயதுக் குழந்தையைச் சில நிமிட நேரம் சிலைபோல் இருத்திப் படம் பிடித்தல் எத்துணை அரிதென்று சொல்லவும் வேண்டுமோ? புகைப்படக் கலை தோன்றிய தொடக்க காலத்தில் குழந்தைகளும், வீட்டில் வளர்க்கும் நாய் பூனை முதலியனவும் படக்காரர்க்குப் பெருஞ்சோதனையாகவே இருந்தன. அக்காலத்தே, தமது 48-ஆம் வயது வரையிலும் தமக்கென ஒரு புகைப்படக் கருவி இல்லாதிருந்த ஒரு பெண்மணி, அதன் பின்னர்த் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள்ளேயே குழந்தை முகங்களை அதற்கு முன் எவரும் காட்டாத வகையிற் காட்டிப் புகழ் எய்தினார். அவரே ஜூலியா மார்கரெட் காமெரன் அம்மையார். கல்கத்தாவிற் பிறந்து, இங்கிலாந்திற் கலை பயின்று, தமிழ்த் தொழிலாளர் நிறைந்த இலங்கை மலைத்தோட்டமொன்றில் உயிர் துறந்த இவ்வம்மையாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

அம்மையார் 1815-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11-ஆம் நாள் கல்கத்தாவிற் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் பாட்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் உயர்தர அலுவலர். தாயார் பிரெஞ்சு உயர்குடி மரபினர். அக்குடும்பத்தில் வளர்ந்து பெரியவரான பெண்மக்கள் எழுவர். அவருள் ஏனையோர் அழகுக்குப் பெயர் பெற்றவர். ஜூலியா மட்டும் அழகி என்று எவராலும் பேசப்பட்டிலர். அதற்கு ஈடாக அவர்பால் அமைந்திருந்தவை கொடுக்கும் கையும், அடங்காத ஊக்கமும், நினைத்ததை உடனே செய்து முடிக்கும் துடிப்புமாம். அழகில் அவர் கொண்டிருந்த தீராத வேட்கைக்கு, அழகியர் நடுவே அழகியல்லாதவராய் வளர்ந்த அவ்விளமைப் பருவமும் ஒரு காரணமாகலாம் என்பது எமது கருத்து. சிறுமியாயிருந்த போதே பிரான்சு நாட்டிலிருந்த பாட்டியாரிடம் அனுப்பப்பட்டு, அங்கே கல்வி கற்று, பின்னர்க் கல்கத்தாவுக்கு மீண்டார்.

1836-இல் உடல்நலம் நாடித் தென்னாப்பிரிக்காவிலுள்ள நன்னம்பிக்கை முனைக்குச் சென்றார். அப்பயணம் அவருடைய வாழ்வை இருவகையில் மாற்றியது. அங்கே தென்வானத்து விண்மீன்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஸர் ஜான் ஹெர்ஷல் என்னும் வானநூற் புலவரின் நட்பு அவருக்குக் கிடைத்தது. படங்கள் மங்கிப்போகாவண்ணம் நிலைநிறுத்துவதற்குப் பயன்படும் ஹைப்போ என்னும் உப்பின் தன்மையை முதலிற் கண்டறிந்தவர் இந்த ஹெர்ஷலே. புகைப்படக் கலை உலகிற்கு அறிவிக்கப்பட்ட சின்னாட்களில், அப்புதுமையைப் பற்றிய செய்தியையும் மாதிரிப் படங்களையும் அவர் கல்கத்தாவிலிருந்த தம் தோழியாருக்கு அனுப்பிவைத்தார். ஆகவே அம்மையாரின் உள்ளத்தில் இக்கலையின் வித்து, கருவி கையில் வருவதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகட்கு முன்னரே விழுந்துவிட்டது என்னலாம்.

அம்முனையிலேயே அவர் சந்தித்த மற்றொருவர் சார்லஸ் ஹே காமெரன் துரை. இவர் அம்மையாரினும் இருபது வயது மூத்தவர், சட்டத்தில் வல்லவர். இலங்கையின் ஆட்சிமுறையையும் நீதிமுறையையும் ஆராய்ந்த கோல்புரூக்–காமெரன் ஆணைக்குழுவில் ஒருவராய் இருந்து, 1833-இல் அத்தீவின் நீதிமன்றங்கள் ஒரே முறையிற் சீர்திருத்தப்படுவதற்குக் காரணமானவர். பின் மெக்காலே பிரபுவுடன் இந்தியச் சட்டக் குழுவிற் பணியாற்றினார். இவர் தலைமை வகித்த கல்விக் கழகமே 1845-இல் கல்கத்தாவில் ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்ற திட்டத்தை முன்வைத்தது. அத்திட்டம் அப்போது ஏற்கப்படவில்லையெனினும், 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றின. பட்டம் பெற்ற நம்மனோர் இவர் பெயரை அறியாதிருத்தல் சற்றே வருந்தத்தக்கது. இவ்விருவர்க்கும் 1838-இல் கல்கத்தாவில் மணம் நிகழ்ந்தது.

1848-இல் துரையவர்கள் வேலையினின்றும் ஓய்வு பெறவே, குடும்பத்தார் இங்கிலாந்து சென்றனர். சில ஊர்களில் வாழ்ந்தபின் 1860-இல் வைட் தீவிலுள்ள பிரெஷ்வாட்டர் என்னும் கடற்கரைச் சிற்றூரில் அடுத்தடுத்திருந்த இரண்டு வீடுகளை வாங்கி, நடுவே ஒரு கோபுரம் எழுப்பி ஒன்றாக இணைத்தனர். இலங்கையில் துரையவர்களுக்கிருந்த காப்பித் தோட்டத்தின் பெயரால் அவ்வீட்டிற்குத் திம்போலா எனப் பெயரிட்டனர். பக்கத்திலேயே ஆங்கில அரசவைப் புலவர் டெனிசன் வாழ்ந்தார். புலவரும் ஓவியரும் அறிஞரும் வந்துபோகும் இல்லமாயிற்று அது. வந்தவர்க்கெல்லாம் வேண்டியதற்கு மேலும் விருந்தும் பரிசும் வழங்கி, அவர்களைத் திக்குமுக்காடச் செய்வது அம்மையாரின் இயல்பு. தாம் பெற்ற மக்கள் அறுவரோடு, பெற்றோரை இழந்த உறவினர் குழந்தைகளையும் ஏற்று வளர்த்தார். பட்னி என்னுமிடத்தில் தாயோடு பிச்சையெடுத்துக்கொண்டிருந்த மேரி ரயன் என்னும் அயர்லாந்துச் சிறுமியையும் அழைத்து வந்து தம் மக்களோடு கல்வி கற்பித்தார். இச்சிறுமியைப் பற்றிப் பின்னரும் ஒரு செய்தி கூறுவோம்.

1863-ஆம் ஆண்டு திசம்பர் மாதத்தில் அம்மையார் தனிமையில் இருந்தார். கணவர் தோட்டங்களைப் பார்வையிட இலங்கை சென்றிருந்தார். மக்கள் பலர் வெளியூரில் இருந்தனர். தாய் தனிமையில் வாடாதிருக்கும் பொருட்டு, ஒரே மகளும் மருமகனும் புகைப்படக் கருவி ஒன்றை வாங்கிப் பரிசாக அளித்தனர். பொழுதுபோக்கிற்கென்று கொடுத்த அப்பொருளே அவருடைய எஞ்சிய வாழ்நாள் முழுதையும் ஆட்கொண்டது. நிலக்கரி கொட்டிவைக்கும் அறை இருட்டறையாயிற்று. கண்ணாடி வேய்ந்த கோழிக்கூடு கலைக்கூடமாயிற்று. கோழிகள் வெளியேற்றப்பட்டன, அவை விடுதலை பெற்றனவேயன்றிச் சட்டியில் விழவில்லை என்று தாம் நம்புவதாக அம்மையாரே வேடிக்கையாக எழுதிவைத்துள்ளார்.

அக்காலத்தில் ஒரு படம் எடுப்பதென்பது எத்தகைய வேலை என்பதை இக்காலத்தார் அறிதல் வேண்டும். கைப்பேசியை நீட்டினால் நொடிக்குப் பல படம் கிடைக்கும் நமக்கு, அது கதைபோல் தோன்றும். கொலோடியன் என்னும் பசைநீரைக் கண்ணாடித் தகட்டின் மேல் ஊற்றி, ஓரம் வழியாமலும் மேடு பள்ளம் இல்லாமலும் சாய்த்துச் சாய்த்துப் பரப்புதல் வேண்டும். உடனே இருட்டறையில் அதனை வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் அமிழ்த்தி எடுத்து, ஈரம் உலர்வதற்குள் கருவியிற் செருகிப் படம்பிடித்து, ஈரம் உலர்வதற்குள்ளேயே மீண்டும் இருட்டறைக்கு ஓடி, உருவம் தோன்றச் செய்யும் மருந்துநீரை ஊற்றுதல் வேண்டும். சிறிது உலர்ந்தாலும் படம் பாழ். அதன்பின் ஹைப்போவிலோ கொடிய நஞ்சாகிய பொட்டாசியம் சயனைடிலோ இட்டு நிலைநிறுத்தி, குடங்குடமாகத் தண்ணீர்விட்டுக் கழுவி, நெருப்பில் வாட்டி, வார்னிஷ் பூசினால் ஒரு கண்ணாடி மூலம் கிடைக்கும். முட்டை வெண்கரு பூசிய தாளை அதன்கீழ் வைத்து வெயிலிற் காய்ச்சினால்தான் தாளில் உருவம் பதியும். வெள்ளி நைட்ரேட்டு பட்ட இடம் கறுத்துப்போகும். அம்மையாருடைய விரல்கள் எப்போதும் கறுத்தேயிருந்தன. எடுத்த படத்தைக் கணவர்க்குக் காட்டும் ஆவலில் நீர் சொட்டச் சொட்டச் சாப்பாட்டறைக்குள் ஓடிவருவதால், மேசை விரிப்புக்கள் கணக்கின்றிக் கறைபட்டன. கணவரோ ஒவ்வொரு படத்தையும் கைகொட்டி வரவேற்பார். இத்தகைய கணவர் அமைந்தது அம்மையார் பெற்ற பேறு என்றே கூறுவோம்.

தொடக்கம் தோல்வியே. அவ்வூர் உழவர் ஒருவரை மணிக்கு அரைக் கிரவுன் கூலி பேசி உட்காரவைத்துப் படமெடுத்தார். உருவம் நன்றாகவே விழுந்தது. ஆனால் அறியாமையால் தகட்டின் ஈரப்பக்கத்தைக் கையால் தேய்த்துவிட, உழவர் மறைந்தே போனார். அடுத்து இரண்டு குழந்தைகளைச் சேர்த்து நிறுத்தினார். நெடுநேரம் நன்றாகவே நின்றனர். முடியும் தறுவாயில் ஒரு குழந்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படம் போயிற்று. அப்பால் 1864 சனவரி 29-ஆம் நாள், வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்கு, ஆனி பில்பாட் என்னும் சிறுமியைத் தனியே உட்காரவைத்தார். நீ அசைந்தால் இந்தக் கிழவியின் மருந்தும் உழைப்பும் வீணாகுமே என்று அச்சிறுமியின் இரக்கத்தை வேண்டினார். சிறுமி அசையவில்லை. அன்று இரவு எட்டு மணிக்குள் அப்படத்தைத் தாளிற் பதித்து, நிறமேற்றி, நிலைநிறுத்தி, சட்டமும் இட்டுச் சிறுமியின் தந்தையாரிடம் கொடுத்துவிட்டார். மகிழ்ச்சி பொறுக்கமாட்டாமல், அக்குழந்தைக்குப் பரிசாகக் கொடுக்கத்தக்க பொருள் ஏதேனும் உண்டோ என்று வீடெல்லாம் தேடி ஓடினாராம். அப்படம் அச்சிறுமியே அளித்தது என்பது போன்ற உணர்ச்சி அவருக்கு உண்டாயிற்று. இன்று அப்படத்தைக் காண்போர்க்கு, சற்றே பக்கம் திரும்பிய முகமும், கழுத்துவரை பொத்தானிட்ட மேற்சட்டையும், ஒழுங்கின்றி விழுந்த தலைமயிருமே தென்படும். ஆடம்பரம் சிறிதுமில்லை. ஒரு குழந்தை தன் நினைவோடு தனித்திருக்கின்றது, அவ்வளவே.

இதன் புதுமையை உணரவேண்டுமாயின், அந்நாளில் கடைவைத்துப் படம் பிடித்தோர் குழந்தைகளை எவ்வாறு நடத்தினர் என்பதை அறியவேண்டும். 1854-இல் பாரிஸ் நகரில் டிஸ்டெரி என்பவர் உரிமை பெற்ற சிறு அட்டைப் படங்கள் எங்கும் பரவியிருந்தன. குழந்தையை நாற்காலியில் அமர்த்தி, அசையாதபடி தலைக்குப் பின்னே இரும்புப் பிடி வைப்பர். கைக்குழந்தையாயின், தாயையே நாற்காலிபோல் துணியால் மூடி, அவள் மடியில் குழந்தையை இருத்திப் படமெடுப்பர். தாயின் முகத்தை மறைத்துக் குழந்தையைக் காட்டும் அவ்வட்டைகள் இன்றும் பழஞ்சரக்குக் கடைகளில் உள்ளன. பார்க்குங்கால் உள்ளம் சிறிது நடுங்கவே செய்கின்றது. விலங்குகளின் செய்தி வேறு. பிரைட்டன் நகரில் ஹாரி பாயிண்டர் என்பவர் 1870-ஆம் ஆண்டுகளில் பூனைகளைப் படமெடுத்துப் பெயர் பெற்றார். முதலில் பால் குடித்தும் கூடையில் உறங்கியும் இருந்த பூனைகளை எடுத்தவர், பின்னர் அவற்றை மூன்றுசக்கர வண்டி ஓட்டுவனபோலவும் தேநீர் அருந்துவனபோலவும் அமைத்துக் கீழே வாழ்த்துரையும் அச்சிட்டு விற்றார். மக்கள் விரும்பி வாங்கினர். குழந்தையாயினும் பூனையாயினும் காண்போர் சிரித்து மகிழ்வதற்குரிய பொம்மை என்பதே அத்தொழிலின் அடிப்படை.

காமெரன் அம்மையார் அவ்வாறு எண்ணியவரல்லர். ஒரு பெரும்புலவர்க்குக் கொடுத்த அதே மதிப்பை ஒரு மீனவச் சிறுவனுக்கும் கொடுத்தார். கருவியை மிக அருகே கொணர்ந்து, முகம் தகட்டை நிறைக்குமாறு எடுத்தார். பின்னர் 15 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் உள்ள பெருந்தகடுகளைக் கையாளத் தொடங்கியதும், தலைகள் ஏறக்குறைய உண்மையளவிலேயே தோன்றின. பின்புறம் இருண்ட திரை. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஒளி. வில்லையைத் திருகித் தெளிவு பார்க்கும்பொழுது, எந்த நிலையில் உருவம் அழகாகத் தோன்றுகின்றதோ அந்த நிலையிலேயே நிறுத்திவிடுவார். மயிரிழை மயிரிழையாகத் தெரியவேண்டும் என்று மேலும் திருகமாட்டார். அதனால் ஓரங்கள் பனிபடர்ந்தாற்போல் மென்மையாகும். அவர்முன் உட்கார்ந்தோர் பட்டியலைப் பார்க்கின், ஊர்க் கோட்டையிலிருந்த பீரங்கிப்படை அலுவலரின் மக்களாகிய கியோன் சகோதரிகள், பிரெடி கூல்ட் என்னும் கடற்கரைச் சிறுவன், தம் பேரன் ஆர்ச்சி, சமையலறையில் வேலை செய்த பெண்கள் ஆகியோரைக் காண்கின்றோம். ஆர்ச்சி இரண்டு வயதும் மூன்று மாதமும் நிரம்பியவனாய் உறங்கிக் கிடக்கும் படம் 1865-இல் எடுக்கப்பட்டது. அசையாதிருக்கும் குழந்தை வேண்டுமாயின் உறங்கும் குழந்தையே தக்கது என்பதை அம்மையார் நன்கு அறிந்திருந்தார் போலும்!

1864-இல், மேரி ஹில்லியர் என்னும் வேலைக்காரப் பெண்ணைத் தாயாகவும் ஊர்க் குழந்தைகளைச் சேயாகவும் அமைத்து, வேதத்திற் கூறப்படும் ஆவியின் கனிகள் ஒன்பதனையும் ஒன்பது படங்களாக்கினார். அவற்றைப் பிரிட்டிஷ் காட்சிச்சாலைக்கு அன்பளிப்பாகவும் விடுத்தார். வீட்டு வாயிலைத் திறந்துவிடும் பணிப்பெண்ணின் முகத்தில் தேவமாதாவைக் காணுதல் அந்நாளைய ஆங்கிலச் சீமாட்டிகளுள் எத்துணைப் பேர்க்கு இயலும்?

தொழில் வல்லார் அவரை வரவேற்கவில்லை. 1864-இலேயே லண்டன் புகைப்படக் கழகத்தில் உறுப்பினரானாரெனினும், அக்கழகத்தின் இதழ் அவருடைய படங்களைக் கடுமையாகத் தாக்கியது. தெளிவில்லை, தகட்டில் விரிசல், விரற்கறை, தூசி, இவையெல்லாம் கைத்திறமை இன்மையைக் காட்டுவன என்று எழுதினர். லூயி கரோல் என்ற புனைபெயரால் உலகம் அறிந்த கணித ஆசிரியர் டாட்ஜ்சன் துரையும் குழந்தைகளைப் படமெடுப்பதிற் பெயர் பெற்றவரே. அவரும் அம்மையாரின் மங்கற் படங்களை விரும்பவில்லை. கறையும் விரிசலும் இருந்தன என்பது உண்மைதான். இக்குறைகளை அம்மையாரின் அன்பர்கள் சிலர் முற்றும் மறைத்துப் பேசுவது பொருந்தாது. ஆயினும் தெளிவின்மை வேறு, கவனக்குறைவு வேறு. தெளிவின்மை அவர் அறிந்து தேர்ந்தது. ஓவியர் பலர் இதனை உடனே உணர்ந்தனர். தென் கென்சிங்டன் காட்சிச்சாலையின் தலைவர் ஸர் ஹென்றி கோல் 1865-இல் அவர் படங்களை விலைக்கு வாங்கிக் காட்சிக்கு வைத்தார். 1868-இல் அக்காட்சிச்சாலையிலேயே இரண்டு அறைகளைப் படமெடுக்கும் இடமாகப் பயன்படுத்த அனுமதித்தார். பெர்லின் நகரத்துக் கண்காட்சியில் 1866-இல் பொற்பதக்கமும் கிடைத்தது. ஹெர்ஷல், டெனிசன், கார்லைல், டார்வின் முதலிய பெரியோரின் படங்கள் அவரை மேலும் புகழ்பெறச் செய்தன. அவற்றைப் பற்றி எழுதியோர் பலராதலின் யாம் விரிக்கவில்லை.

அவர் முன்னே உட்கார்ந்த குழந்தைகளின் பாடு எளிதன்று. தங்கையின் கொள்ளுப்பேத்தியர் அல்லர், பேத்தியராகிய ராச்சலும் லாராவும் சிறுமியராயிருந்தபோது தேவதூதராக ஆக்கப்பட்டனர். மெல்லிய தோள்களிற் கனமான அன்னச் சிறகுகள் கட்டப்பட்டன. வாரிவிட்ட தலைமயிர் கலைக்கப்பட்டது. பிறகு அசையாதே என்ற கட்டளை. முதியவரானபின் லாரா இதனைத் தம் நினைவு நூலில் எழுதி, அத்தூதர்கள் முகத்தில் ஏக்கம் தோன்றியதில் வியப்பில்லை என்ற கருத்தை நகைச்சுவையோடு வெளியிட்டுள்ளார். 1872-இல் எடுத்த அவ்வகைப் படமொன்றில், சிறகணிந்த ராச்சல் கைகளை மடக்கி மோவாயை அதன்மேல் வைத்துக்கொண்டு, இஃது எப்போது முடியுமோ என்பாள்போலப் பார்க்கின்றாள். சிறகும் வில்லும் அம்பும் கட்டிய படங்கள் எமக்கு அவ்வளவாக உவப்பில்லை. அவை மற்றவர் ஓவியங்களை நினைவூட்டுகின்றன. ஆனால் ராச்சலின் முகத்திலுள்ள அச்சலிப்பு சிறகையும் வென்று உண்மையாய் நிற்கின்றது. சிரி என்று அம்மையார் ஒரு குழந்தையையும் கேட்கவில்லை. அதனாலேயே அவருடைய குழந்தைகள் நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நம்மை நேரே பார்க்கின்றன. அதே 1872-இல், அவர் பாதுகாப்பில் வளர்ந்த உறவினர் குழந்தை அடிலின் கிளக்ஸ்டன் இறந்துபோக, கட்டிலிற் கிடந்த அவ்வுடலையும் படமெடுத்தார். இனி அசையவே மாட்டாத அம்முகத்தின்முன் அவர் எவ்வாறு கருவியை நிறுத்தினாரோ!

இத்தனைக்கும் நடுவே பணக்கவலை வளர்ந்துகொண்டிருந்தது. குடும்பத்தின் வருவாய் இலங்கைக் காப்பித் தோட்டங்களை நம்பியிருந்தது. அவை சரியாகப் பலன் தரவில்லை; 1869-இல் காப்பி இலையிற் செந்துரு நோயும் தோன்றியது. சீமாட்டி ஒருத்தி கூலிக்குப் படமெடுத்தல் தகாது என்று கருதிய காலம் அது. ஆதலின் அம்மையார் கடை வைக்கவில்லை. ஆனால் லண்டனிலுள்ள கோல்நாகி என்னும் ஓவிய வாணிகர் வழியாகப் படிகளை விற்றார். 500-க்கு மேற்பட்ட படங்களுக்குப் பதிப்புரிமை பதிவு செய்தார். பெரியோர் படங்களின்கீழ் அவர்களிடமே கையெழுத்துப் பெற்று விலையை உயர்த்த முயன்றார். எனினும் மருந்துக்கும் தகட்டுக்கும் சென்ற செலவும், நண்பர்க்கு ஆல்பம் ஆல்பமாக இலவசமாய் வாரி வழங்கிய கையும் வருவாயை விழுங்கின. அவருடைய கலை குடும்பத்தைக் காக்கும் என்ற நம்பிக்கை கைகூடவில்லை.

மேரி ரயன் வரலாறு மட்டும் நல்லவிதமாய் முடிந்தது. 1865-இல் லண்டனில் நடந்த கண்காட்சியில் அவளும் இருந்தாள். அங்கு வந்த ஹென்றி காட்டன் என்னும் இளைஞர் படத்திலும் நேரிலும் அவளைக் கண்டு உளம் பறிகொடுத்து, 1867-இல் மணந்துகொண்டார். இந்திய சிவில் உத்தியோகத்தில் அஸ்ஸாம் மாகாணத் தலைமை ஆணையராய் உயர்ந்து, இந்தியர்பால் பரிவு காட்டி, 1904-இல் பம்பாயிற் கூடிய இந்திய தேசிய காங்கிரசுக்குத் தலைமை வகித்த ஸர் ஹென்றி காட்டன் அவரே. பட்னியில் பிச்சையெடுத்த சிறுமி அவ்வாறு சீமாட்டியானாள்.

1873-இல், கருவியைப் பரிசளித்த ஒரே மகள் மகப்பேற்றின்போது இறந்தாள். இரண்டாண்டு கழித்து, 1875-இல், அம்மையாரும் எண்பது வயதான கணவரும் பிரெஷ்வாட்டர் வீட்டை நீங்கி இலங்கைக்குக் கப்பலேறினர். துரையவர்களின் உள்ளம் என்றும் அத்தீவையே நாடியிருந்தது, மக்களுட் சிலரும் அங்கே இருந்தனர், செலவும் குறைவு. இலங்கையில் தக்க சவப்பெட்டி கிடையாதென அஞ்சி, தங்களுக்காக இரண்டு பெட்டிகளைக் கையோடு கொண்டுசென்றனர் என்றும், இடம் வீணாகாதபடி அவற்றுள் பீங்கான் பாத்திரங்களை அடுக்கியிருந்தனர் என்றும் கூறுவர்.

களுத்துறையிற் கடலை நோக்கிய வீட்டில் அவர்கள் வாழ்ந்தபோது, 1877-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், உலகெங்கும் திரிந்து செடிகொடிகளை வரைந்த மேரியன் நார்த் அம்மையார் விருந்தினராய் வந்தார். அவர் கண்டெழுதிய காட்சி இனியது. முயலும் அணிலும் மைனாவும் அச்சமின்றி அறைகளுக்குள் வருவதும் போவதுமாய் இருந்தனவாம். பழகிய கலைமான் ஒன்று வாயிலைக் காத்ததாம். நரைமீசைக் குரங்குகள் வெளியே விளையாடினவாம். படங்கள் சுவரிலும் மேசையிலும் தரையிலும் சிதறிக் கிடந்தனவாம். அவ்விருந்தினரையும் அம்மையார் விடவில்லை. கொளுத்தும் வெயிலில் கம்பளி போர்த்தி, தேங்காயோலைகளின் முன் நிறுத்தித் தகடு தகடாகப் படமெடுத்தார். வளர்ப்பு விலங்குகள் இத்தனை சூழ்ந்திருந்தும், அம்மையாரின் கண்ணும் தகடும் மனித முகத்தையே நாடின.

2003-இல் வெளிவந்த முழு அட்டவணையில் அவருடைய படங்கள் 1,200-க்கு மேற்பட்டவை இடம்பெற்றுள்ளன. அவற்றுள் இலங்கையில் எடுத்தவை 30-க்கும் குறைவே. நமக்கு அவையே நெருங்கியவை. மதுரை, திருச்சி முதலிய வறண்ட சீமைகளிலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காடு வழியே நடந்து, வழியில் நோயிற் பலரைப் பலிகொடுத்துத் தோட்டம் சேர்ந்த தமிழர் கூட்டம் அக்காலத்தது. தோட்டத்திலும் வீட்டிலும் வேலை செய்த தமிழரும் சிங்களவருமே அம்மையாரின் கருவிமுன் நின்றனர். குடம் ஏந்திய பெண், கையைக் கட்டிக்கொண்டு கருவியை எதிர்நோக்கும் இளம்பெண், களுத்துறைக் குடியானவர் மூவர். இம்மூவர் படத்தின்கீழ், பெண்ணுக்கு வயது 12 என்றும், கிழவர் தம்மை அவள் தந்தை என்றும் தமக்கு வயது நூறு என்றும் கூறுவதாகவும் அம்மையார் குறித்துள்ளார். வயதைக் கேட்டெழுதியவர் பெயரைக் கேட்டெழுதவில்லை. பிரெஷ்வாட்டரில் கடற்கரைச் சிறுவனுக்கும் பெயர் உண்டு; பெயர் மட்டுமன்றி அவன் வரலாறும் உண்டு. இங்கே நிற்போர் பெரும்பாலும் பெயரற்றோர். ஆங்கிலேயச் சீமாட்டி ஒருவர் தோட்டத் தொழிலாளரை எடுத்த படங்களில், ஆளும் இனத்தார் கண்ணோட்டம் கலந்தே இருக்கும் என்று அறிஞர் சிலர் உரைப்பர். அதனை மறுக்க எமக்கு மனம் இல்லை. ஆயினும் அவ்விளம்பெண்ணின் பார்வையில் அச்சமோ சிரிப்போ இல்லை. ஆனி பில்பாட் இருந்தவாறே அவளும் தன் நினைவோடு தனித்து நிற்கின்றாள். நம் பாட்டியர் தலைமுறைக்கும் முற்பட்ட அம்முகத்தை இவ்வளவு அருகே நிறுத்திக் காட்டிய படம் அந்நாளில் வேறு எத்தனை?

1878-இல் ஒருமுறை இங்கிலாந்து சென்று மீண்ட அம்மையார், மலைநாட்டு டிக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள கிளென்கேர்ன் தோட்டத்தில் 1879 சனவரி 26-ஆம் நாள் காலமானார். வயது 63. பொகவந்தலாவையிலுள்ள தூய மரியாள் ஆலயத்துக் கல்லறை நிலத்தில் அடக்கம் நிகழ்ந்தது. அடுத்த ஆண்டே கணவரும் மறைந்து அவர் அருகே துயில் கொண்டார்.

கடைசி மகன் ஹென்றி ஹெர்ஷல் லண்டனில் புகைப்படத் தொழில் நடத்தினார். அம்மையாரின் தங்கை அல்லது தமக்கை மக்களுள் அவர் மிகுதியும் படமெடுத்தவர் ஜூலியா ஜாக்சன். அவர் மகளே நாவலாசிரியர் வர்ஜீனியா வுல்ப். அவ்வெழுத்தாளர் 1926-இல் தம் பாட்டியின் சகோதரியாருடைய படங்களைத் தொகுத்து முன்னுரையோடு நூலாக வெளியிட்டபின்னரே, மறக்கப்பட்டிருந்த அவை மீண்டும் பேசப்படலாயின. பிரெஷ்வாட்டர் வீடு 1990-களில் இடிபடும் நிலையிலிருந்து அன்பர்களால் மீட்கப்பட்டுக் காட்சிச்சாலையாக்கப்பட்டது. கோழிக்கூடு இன்று இல்லை.